சிவகுமாரைப் பார்த்தவன்

“நீ அவன பாத்தியா, இல்லியா? அத மட்டும் சொல்லு நைனா.”

சரசு நாற்காலியில் உட்காரவில்லை. கையிலிருந்த போட்டோவை முத்துவேலின் முகத்துக்கு நேராக நீட்டியபடி நின்றாள். அவள் மருமகள் நதியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

முத்துவேல் கஜகஸ்தானில் வெல்டர். விடுமுறையில் உத்திரமேரூருக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது. சரசுவின் மகன் சிவகுமாரும் அதே நாட்டுக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறதாம். முத்துவேல் வந்திருப்பது காதில் விழுந்ததும், மானாம்பதியிலிருந்து மருமகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

போட்டோவில் இருந்த முகத்தை முத்துவேல் பார்த்ததே இல்லை. இருபது தமிழ்நாட்டை உள்ளே போட்டாலும் இடம் மிச்சமிருக்கும் நாடு அது.

“யம்மா, அது ரொம்பப் பெரிய ஊரு…” என்று ஆரம்பித்தான்.

“பாக்காம இருப்பாங்களா?” நதியா குறுக்கே புகுந்தாள். “ஒல்லியா, ஒசரமா இருப்பாரு. இடது புருவத்துல தழும்பு கீது. பைப்புக்குப் பெயின்ட் அடிக்கிற வேல. கேம்ப்ல கண்டிப்பா பாத்திருப்பீங்கண்ணா.”

கேட்பது போல இல்லை. கெஞ்சுவது போல இருந்தது.

சரசு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். “வாரத்துக்கு ஒரு தபா போன் பண்றான். மூஞ்சிய காட்டுடான்னா நெட்டு இல்லன்றான். கையி கால் போய்க் கெடக்கிறானா, இன்னா ஏதுன்னு தெரியல. பத்து நாளா சோறு எறங்கல நைனா.”

மறுபடி வாசலுக்குப் போனாள். மறுபடி வந்தாள். அந்தக் கால்கள் நிற்கவே நிற்காது போலிருந்தது.

“பாத்தேம்மா,” என்றான் முத்துவேல். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்றே அவனுக்கு உறைத்தது.

“எப்பிடி கீறான்?”

“அவனுக்கு இன்னா, நல்லா கீறான். ஊருதான் அவனுக்குப் புரியல.”

அதன் பிறகு, தனக்கு நடந்ததையெல்லாம் சிவகுமாருக்கு நடந்ததாகச் சொல்ல ஆரம்பித்தான்.

“போன புதுசுல லுங்கிய தொவச்சி வெளிய காயப் போட்டுட்டான். அந்தக் குளுருல அது பலகையாட்டம் வெறச்சிப் போச்சி. மடிக்க முடியல. கதவத் தூக்கினு வர்றாப்பல கக்கத்துல இடுக்கினு வந்தான்.”

நதியா ‘களுக்’கென்று சிரித்தாள். சரசு சிரிக்கவில்லை. ஆனால் நடை நின்றது.

“ரெண்டு நாளு ரயில்ல போனோம். ஜன்னல்ல பாத்தா புல்லு, ஒரு குதிர. தூங்கி எந்து பாத்தா அதே புல்லு, அதே குதிர. ‘இன்னாண்ணா, வண்டி இன்னும் கெளம்பலியா’ன்னு கேக்குறான்.”

“அவன் அப்பிடித்தான் கேப்பான்,” என்றாள் சரசு. உதட்டோரம் லேசாகக் கோணியது. “நாஷ்டாவுக்கு இன்னா துன்றான்?”

“ரொட்டி, கறி, குதிரப் பாலு.”

“குதிரப் பாலா!”

“புளிச்ச மோருன்னு நெனச்சி ஒரே மடக்குல குடிச்சிட்டான். அப்பறம் சொன்னாங்க. மூணு நாளு யாருகிட்டயும் பேசல.”

சரசு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இன்னொண்ணு கேளும்மா. அங்க ஒரு வூட்டுக்கு விருந்துக்குப் போனோம். டீய கிண்ணத்துல அடியில கொஞ்சூண்டு ஊத்திக் குடுத்தாங்க. ஒன் புள்ளைக்கு ரோஷம் வந்துடுச்சி. முழுசா ஊத்துன்னு கைய காட்டினான். அவங்களும் தளும்பத் தளும்ப ஊத்திட்டு, அவன் ஷூவ எடுத்தாந்து முன்னால வெச்சிட்டாங்க.”

“ஏன்?”

“கொஞ்சமா ஊத்தினா, இருந்து மெதுவா குடிங்கன்னு மரியாதயாம். முழுசா ஊத்தினா, கெளம்புன்னு அர்த்தமாம்!”

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுவதும் குடித்தாள்.

“போதும் நைனா. ஒன் வாயால கேட்டுட்டேன், போதும். ஏம்மா நதியா, வூட்டுக்குப் போயி சோறாக்கு. பசிக்குது.”

பஸ் வந்துவிடப் போகிறதென்று முதல் ஆளாகத் தெருவில் இறங்கினாள்.

அந்தப் பையனுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நதியாவிடம் முத்துவேல் ஓடினான்.

“தங்கச்சி, தப்பு பண்ணிட்டேன். ஒன் வூட்டுக்காரன நான் பாத்ததே இல்ல. அந்தம்மா மூஞ்சியப் பாத்து மனசு கேக்காம சொல்லிட்டேன். அவன் நம்பரு குடு. திரும்பிப் போனதும் எந்த மூலையில இருந்தாலும் தேடிப் புடிச்சிர்றேன்.”

நதியா தெருவை எட்டிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பில் யாரோ ஒரு பெண்ணிடம் சரசு கையை ஆட்டி ஆட்டி லுங்கிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீங்க பாக்கலன்னு எனக்குத் தெரியும்ணா. எங்க இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு உசிர கையில புடிச்சிக்கினு நின்னேன்.”

“தெரியுமா? எப்பிடி?”

“ஏஜென்ட்டு பாம்பேயிலயே வுட்டுட்டு ஓடிட்டான். ஊரே மால போட்டு அனுப்பிச்சி வெச்சுதா… இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றதுன்னு இருக்காரு. அத்தைக்குத் தெரிஞ்சா தாங்காதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு.”

முத்துவேல் குரலைத் தாழ்த்தினான். “அப்ப, அவன தேட நான் எவ்ளோ தூரம்தான் போவணும்?”

“ரெண்டு பஸ்ஸுதாண்ணா. ஒரகடத்துல கீறாரு.”