நாலாவது ஆண்டெனா

சோதனைப் பொறுப்பில் இருந்த கறார் மேடம் கையிலிருந்து ஒரு பொருள் நழுவி விழும் என்று அந்த லேபில் யாரும் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் விழுந்தது. விழுந்ததோடு போகாமல், பதறி எழுந்த வேகத்தில் நாற்காலிச் சக்கரம் அதன் மேல் ஏறி இரண்டாக உடைத்தும் விட்டது.

சோதனையைப் பார்க்க வந்திருந்த கம்பெனிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. டிசைனருக்குத் தன் நெஞ்சின் மேலேயே சக்கரம் ஏறியதுபோல் இருந்தது.

உடைந்தது ஓர் உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகை. ஆம்புலன்சில் வைக்கும் குட்டி வயர்லெஸ் பெட்டிக்கானது. அத்தனை சின்ன இடத்தில் நாலு ஆண்டெனாக்களை நெருக்கி வைத்திருந்தார் டிசைனர். ஒரே அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் போன் பேசினால் என்ன ஆகும்? அதே கதைதான். ஒன்று அனுப்பும் சிக்னல் பக்கத்தில் இருப்பதற்குள் புகுந்து கெடுக்கும். அப்படிப் புகவிடாமல் பிரித்து வைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

மற்றவை எல்லாம் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டன. நாலாவது ஆண்டெனா மட்டும் அடங்கவில்லை. போன வாரம் பலகையின் செம்புத் தகட்டில் மெல்லியதாக ஒரு பிளவு போட்டுப் பார்த்தார். அதுவும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. ஒன்றுக்குள் ஒன்று புகும் சிக்னலின் அளவு, இத்தனை சின்னப் பலகையில் அதுவரை யாரும் எட்டாத குறைந்த நம்பர். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. கறார் மேடம் சோதிக்கும் வரைகூடப் பொறுக்காமல், அன்றைக்கே அந்த நம்பரைக் கம்பெனிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். இனி சோதனை நேராக அவர்கள் கண் முன்னால்தான் என்றும் முடிவானது.

எல்லாரும் டிசைனரின் கையைப் பிடித்துக் குலுக்கியபோது கறார் மேடம் மட்டும், "நம்பர் இவ்வளவு நல்லா இருந்தா எனக்குப் பயமா இருக்கும் சார்" என்றார்.

டிசைனருக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம் ஆபீசுக்கே தெரியும். பழைய வேலையில் அவர் கொடுத்த ஒரு நம்பர் தப்பாகப் போய், பொய்க்கணக்குக் காட்டினார் என்று வெளியே அனுப்பியிருந்தார்கள். நடந்தது கவனக்குறைவுதான். யார் நம்பினார்கள்? அதற்குப் பிறகு எந்த வாசலும் சுலபத்தில் திறக்கவில்லை. மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டார். இன்னொரு முறை அப்படி ஒரு பேச்சு எழுந்தால் இந்தத் தொழிலையே மறந்துவிட வேண்டியதுதான்.

இன்று காலை கறார் மேடம் பலகையில் ஒவ்வொரு கேபிளாக மாட்டினார். நாலாவதை மாட்டியதும் தன் முன்னால் இருந்த மீட்டரைப் பார்த்தார். அடுத்து ஒரு பட்டனை அழுத்தினால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் எல்லாரும் பார்க்கலாம். அழுத்தவில்லை. கேபிள் மாட்டும் கனெக்டர் லூசாக இருக்கிறது, ஒரு நிமிஷம் என்று சொல்லிக் கேபிள்களைக் கழற்றிப் பலகையைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அது விழுந்தது.

அடுத்த வாரம் வருகிறோம் என்று கம்பெனிக்காரர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிளம்பிப் போனார்கள். மேனேஜர் கறார் மேடத்தைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டார். டிசைனராலும் பொறுக்க முடியவில்லை.

"கை தவறல சார். வேணும்னே போட்டாங்க. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

மேனேஜர் பதிலுக்காகக் கறார் மேடத்தைப் பார்த்தார். அவர் குனிந்த தலை நிமிரவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளையிலிருந்து லேப் பொறுப்பு வேறு ஆளுக்கு, நீங்கள் ஸ்டோர்ஸில் போய் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு மேனேஜர் விறுவிறுவென்று வெளியேறினார். மற்றவர்களும் சத்தமில்லாமல் நழுவினார்கள்.

டிசைனருக்கு அப்போதும் ஆறவில்லை. மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்த கறார் மேடத்தின் முன்னால் போய் நின்றார்.

"இப்ப யாரும் இல்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க மேடம். வேணும்னேதானே போட்டீங்க?"

"ஆமா."

மறுப்பார், அழுவார், நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார் டிசைனர்.

கறார் மேடம் உடைந்த பலகையில் ஒரு பாதியை எடுத்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தார். நாற்காலியை டிசைனர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நாலாவது கனெக்டரைப் பாருங்க."

டிசைனர் பார்த்தார். பிளவு போட்ட பிறகு, யாரிடமும் கொடுக்காமல் தன் கையாலேயே பொருத்திய கனெக்டர். அதன் நடு ஊசி பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றிருந்தது. விழுந்ததில் விட்டுப்போகவில்லை. ஈயம் பற்ற வைத்த அடையாளமே அங்கே இல்லை. நாலாவது ஆண்டெனாவுக்குள் சிக்னல் போகவே இல்லை. உள்ளேயே போகாத சிக்னல் பக்கத்து ஆண்டெனாவை எப்படிக் கெடுக்கும்? நம்பரைக் கண்ட குஷியில் இதைப் பார்க்காமல் விட்டிருந்தார்.

அவருக்கு மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்கவே வெட்கமாக இருந்தது.

"மாட்டினதுமே மீட்டர்ல தெரிஞ்சுபோச்சு சார். அத்தனை பேர் முன்னாடி உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் முடியல" என்றார் கறார் மேடம், டிராயரை மூடிக்கொண்டே. "கை தவறிப் போட்டேன்னா என்னைக் கொஞ்ச நாள் திட்டுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. இன்னொரு தடவை கவனக்குறைவுன்னு நீங்க சொன்னா, யார் சார் நம்புவாங்க?"