எனெய்தாவின் விசிறி

ஹவானாவில் எங்கள் தெருவில் எதையும் தூக்கி எறிவதில்லை. எனெய்தாவின் ரஷ்ய வாஷிங் மெஷின் பழுதான வாரம்தான் அவள் கணவர் எவேலியோ இறந்தார். காலரில் இருந்த, கையால் எவ்வளவு கசக்கியும் போகாத காபிக் கறையோடுதான் அவருடைய வெள்ளைச் சட்டையை உடுத்தி அடக்கம் செய்தோம். அது அவளுக்கு ஆறவேயில்லை.

அந்த மெஷினின் மோட்டாரைக் கழற்றி அவளுக்கு ஒரு மின்விசிறி செய்து கொடுத்தேன். மறுநாளே வந்து நின்றாள்.

"நல்லா செஞ்சு குடுத்தே போ! வலப்பக்கம் சுத்துது, நிக்குது, அப்புறம் இடப்பக்கம் சுத்துது."

"அப்படி மாத்தி மாத்திச் சுத்த வைக்கிறது டைமர், அக்கா. அது இதோ என் மேஜை மேல கிடக்கு."

"அப்ப வந்து பாரு. சோப்பு வாசனை வேற."

போய்ப் பார்த்தேன். விசிறி துவைத்துக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கியதும் நின்றது.

கொல்லையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம். கொடியில், எவேலியோவுக்கு உடுத்தி அடக்கம் செய்த அதே வெள்ளைச் சட்டை தொங்கியது.

எனெய்தா அதன் காலரைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கறை இன்னும் லேசா இருக்கு," என்றாள். "போய் பிளக்கை மாட்டுப்பா."