மாடி வீட்டுச் சண்டைக்காரி

“ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதும்மா. நம்ம தெரு நல்ல மேடு” என்றார் வீட்டை விற்கும் ஸ்ரீநிவாசராகவன். காபியைக்கூட அவரே கொண்டுவந்து கொடுத்தார். இப்படி ஒரு தங்கமான மனுஷரா என்று விஷ்ணுப்ரியாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தரைத்தளத்தில் வீடு தேடித் தேடி அவளுக்கும் கணவன் ஷ்யாம்சுந்தருக்கும் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். மாமியார் அபிதகுஜாம்பாளால் நடக்க முடியாது. சக்கர நாற்காலிதான்.

பத்திரம் பார்த்த வக்கீல், “வில்லங்கம் எதுவும் இல்ல. வீட்டுல குறை இருந்தா விக்கிறவர் சொல்லியாகணும், சட்டம் இருக்கு. ஆனாலும் மழைத் தண்ணியைப் பத்தி அக்கம்பக்கத்துல கேட்டுடுங்க” என்று சொல்லியிருந்தார்.

அதனால், அதே அபார்ட்மெண்டில் மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்த பியூலாவிடமும் கேட்டாள்.

“மழைக்குத் தண்ணி உள்ள வருமாக்கா?”

பியூலா ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்தாள். வாசலில் நாற்காலியில் இருந்த அபிதகுஜாம்பாளைப் பார்த்தாள். பதில் மட்டும் வரவில்லை. சண்டைதான் வந்தது.

“என்னங்க இது, வழியிலயே சக்கர வண்டி? தினம் இப்படித்தான் நிறுத்துவீங்களா?”

“அம்மா உக்காந்திருக்காங்கக்கா...”

“யாரா இருந்தா என்ன? நான் ஸ்கூட்டர் எடுக்க வேண்டாமா? இப்பவே சொல்லிட்டேன், இங்க குடி வந்தீங்க, தினமும் இதே ரகளைதான். நிம்மதியா இருக்க விட மாட்டேன்!”

அபிதகுஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அவங்க அப்படித்தான் சார், பெருசா எடுத்துக்காதீங்க” என்று ஸ்ரீநிவாசராகவன் கெஞ்சினார்.

“எங்கம்மாவை இப்படிப் பேசற இடத்துல எப்படி சார் குடியிருக்கறது? வேண்டாம்” என்று ஷ்யாம்சுந்தர் அட்வான்ஸ் செக்கைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கடைசியில் கீழ்க்கட்டளையில் லிஃப்ட் வைத்த ஒரு மாடி வீடு கிடைத்தது. சின்ன வீடு. கட்டிலில் கால் இடித்துக்கொள்ளும்போதெல்லாம் விஷ்ணுப்ரியா பியூலாவைத் திட்டித் தீர்த்தாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் ஆபீஸில் யாரோ செல்போனில் வீடியோ காட்டினார்கள். அதே தெரு. தெருவில் படகு போகிறது. அவர்கள் வாங்க இருந்த வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர்.

விஷ்ணுப்ரியா வீடியோவைத் திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தாள். இந்நேரம் அங்கே இருந்திருந்தால்? நானும் அவரும் ஆபீஸில். அம்மா தனியாக, கட்டிலில்.

“பாவம், அந்தச் சண்டைக்காரி தனக்கே தெரியாம நமக்கு நல்லது பண்ணிட்டா. ஒரு வாய் சாப்பாடாவது கொண்டுபோய்க் கொடும்மா” என்றாள், ராத்திரி வீடியோவைப் பார்த்த மாமியார்.

தண்ணீர் வடிந்ததும் விஷ்ணுப்ரியா டிபன் கேரியரோடு போனாள். கதவைத் திறந்த பியூலா முதலில் கேட்டது, “அம்மா நல்லா இருக்காங்களா?”

 விஷ்ணுப்ரியா பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு மட்டும் நீங்க சண்டை போடலேன்னா...”  அழுதுவிட்டாள்.

“அட, அழாதம்மா. உள்ள வா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “கீழ்வீடு வித்துப்போச்சாக்கா?”

“எங்க விக்கறது? வர்றவங்க எல்லார்கிட்டயும்தான் நான் சண்டை போட்டுக்கிட்டிருக்கேனே!”

விஷ்ணுப்ரியா திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

“அப்ப... வேணும்னேதானா? தண்ணி வரும்னு நேராவே சொல்லியிருக்கலாமேக்கா?”

“எப்படிச் சொல்றது? வெளியில தெரிஞ்சா வீட்டு விலை விழுந்துடும்னு அபார்ட்மெண்ட் மீட்டிங்ல எல்லார்கிட்டயும் வாக்கு வாங்கிட்டாங்க. புத்தி கெட்டு நானும் கொடுத்துட்டேன்.”

பியூலா கேரியரை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

“தண்ணியைப் பத்திப் பேச மாட்டேன்னுதானே வாக்குக் கொடுத்தேன்? சண்டை போட மாட்டேன்னு கொடுக்கலையே!”