லைன் சரியில்லை

"ஹலோ... ஹலோ... குரல் விட்டு விட்டு வருதுங்க. படமும் அப்படியே நின்னு போச்சு. லைன் சரியில்ல."

உள்ளறையிலிருந்து மருமகளின் குரல் கேட்டதும், ஹாலில் இருந்த மாமனாருக்குச் சுருக்கென்றது.

அவர் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். தெருவில் யார் வீட்டு இன்டர்நெட் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வக்கீலான மருமகள் கோர்ட்டுக்குப் பக்கத்திலிருந்த ஆபீஸைக் காலி செய்துவிட்டு, வீட்டிலிருந்தே கட்சிக்காரர்களை வீடியோவில் பார்க்கப் போகிறேன் என்றபோது, சுவரில் துளை போட்டு அவள் மேஜை வரைக்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அந்த லைனைத்தான் வாய் கூசாமல் குறை சொல்கிறாள்.

"கேட்டியா? இந்த வாரத்துல இது எத்தனாவது தடவை!" என்றார் மனைவியிடம்.

"நிஜமாவே லைன் போயிருக்கும்."

"எங்க போச்சு? இதோ, என் போன்ல மேட்ச் ஓடுது. புல்லு கூடத் தெரியுது."

"அப்ப பொய் சொல்றாங்கிறீங்களா?"

"வேற என்ன? வேலை செய்ய அலுப்பு. பேச்சைக் கத்தரிக்கணும்னா என் லைன்தான் கிடைச்சுது பழி போட."

மனைவி பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வக்கீலுக்குப் படிச்சவ. பழக்கமா இருக்கும். நீங்க பேசாம மேட்சைப் பாருங்க."

அவரால் முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தள்ளினார்.

லேப்டாப்பில் படம் பளிச்சென்று இருந்தது. ஒரு மேஜைக்குப் பின்னால் ஓர் ஆளும், ஒட்டினாற்போல ஒரு பெண்ணும். அவன் சட்டைப் பையிலிருந்த பேனா கூடத் தெரிந்தது.

"திரும்பவும் சொல்றேன் மேடம்," என்று அவன் குரலை உயர்த்தினான். "அப்பாவோட வீட்டுல எனக்குப் பங்கு வேண்டாம்னு என் தங்கச்சி எழுதிக் குடுக்கறா. முழு சம்மதம். நீங்க பத்திரத்தை ரெடி பண்ணுங்க, போதும்."

"அவங்களே சொல்லட்டுமே."

"சொல்லேன்," என்று திரும்பினான் அண்ணன்.

"சம்மதம்தான் மேடம்," என்றாள் தங்கை. தலை நிமிரவில்லை.

"ஒண்ணுமே கேக்கலைங்க," என்றாள் மருமகள்.

வாசலில் நின்ற மாமனாருக்கே தெளிவாகக் கேட்டது. "ஏம்மா, லைன் நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தார். மருமகள் திரும்பாமலேயே கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

"ஒண்ணு பண்ணுங்க," என்றாள் லேப்டாப்பைப் பார்த்து. "தங்கச்சி மட்டும் அவங்க செல்லை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போகட்டும். அங்க சிக்னல் நல்லா கிடைக்கும். நான் அவங்களுக்கே அடிச்சுப் பேசறேன். நீங்க கம்ப்யூட்டரை விட்டு நகராதீங்க. இது கட்டாச்சுன்னா மறுபடி பிடிக்க முடியாது."

தங்கை எழுந்து போனாள். மருமகள் இந்தப் பக்கத்து மைக்கையும் கேமராவையும் அணைத்தாள்.

"என்னம்மா அநியாயம் இது?" மாமனார் வெடித்தார். "பச்சைப் பொய்! பாவம், அந்தப் பொண்ணை மாடி ஏற வைக்கறே. இந்த ஆளைச் சும்மா உட்கார வச்சிருக்கே. நம்பி வந்தவங்களை இப்படியா அலைக்கழிக்கறது?"

"ஒரு நிமிஷம் மாமா."

அவள் செல்லை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

"மாடிக்கு வந்துட்டீங்களா? கதவைச் சாத்திக்கோங்க. பக்கத்துல யாரும் இல்லையே?... சரி, இப்பச் சொல்லுங்க. பங்கு வேண்டாங்கறது நீங்களா எடுத்த முடிவா?"

அந்தப் பக்கத்திலிருந்து அழுகைதான் வந்தது. மாமனார் நின்ற இடம் வரைக்கும் கேட்டது.

"அழாதீங்க. மெதுவா சொல்லுங்க... கையெழுத்துப் போடலைன்னா குழந்தையோட வெளியில போன்னாரா?... சரி, சரி. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. நான் சொல்றதை முழுசா கேளுங்க."

மருமகள் செல்லைக் கையால் பொத்திக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"ஆபீஸா இருந்தா, கூட வந்தவரைக் கொஞ்சம் வெளியில உட்காருங்கன்னு சொல்லிடுவேன் மாமா. இப்ப அவர் வீட்டுல அவர் உட்கார்ந்திருக்கார். எப்படி வெளியில அனுப்பறது? அதான் லைன் மேல பழியைப் போட்டுடறேன். கோவிச்சுக்காதீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் லேப்டாப்பிலிருந்து குரல் வந்தது.

"மேடம்? இருக்கீங்களா? இவ்வளவு நேரம் என்ன பேசறா அவ? இருங்க, நானே மேல போய்ப் பார்த்துடறேன்." அண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

மருமகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். மாடியில் அந்தப் பெண் அப்போதுதான் பேசவே ஆரம்பித்திருந்தாள்.

மாமனார் பாய்ந்து வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். மைக்கைப் போட்டார்.

"தம்பி, எழுந்திரிக்காதீங்க! டெலிபோன்ல இருந்தவன் பேசறேன். உங்க லைனைத்தான் பார்த்துட்டிருக்கேன்."

அண்ணன் மறுபடி உட்கார்ந்தான். "நல்லதாப் போச்சு சார். எங்க கோளாறுன்னு தெரிஞ்சுதா?"

சர்வீஸில் இருந்த வரை எந்த லைனைப் பற்றியும் அவர் பொய் ரிப்போர்ட் கொடுத்ததில்லை. இப்போதும் கொடுக்கவில்லை.

"தெரிஞ்சுது தம்பி. லைன் சுத்தமா இருக்கு. கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான்."