பெரார்கஞ்சில் ஒரு சாட்சி

“ஆள் நல்லா கதை விடுறான்” என்று, முன்னால் வழிகாட்டி நடந்த கடைக்காரரைப் பார்த்தபடி மனைவியிடம் முணுமுணுத்தார் பன்னீர்செல்வம். ஆடிட் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். சந்தேகம் கூடப் பிறந்தது.

மங்கையர்க்கரசி காதில் வாங்கவில்லை. காலமான அப்பாவின் நாவலோடு திருச்சியிலிருந்து வந்திருந்தாள். நாவல் முழுக்க அந்தமானின் இந்தப் பெரார்கஞ்ச் கிராமம்தான். வாலிபத்தில் மூன்று வருஷம் இங்கே காட்டில் மரம் வெட்டும் கூப்பில் வேலை பார்த்ததாக அப்பா சொல்வார். அவர் போன பிறகு, ‘அந்தமானை இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை’ என்று ஒரு விமர்சகர் எழுதிவிட்டார். அதிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று.

மளிகைக் கடை அலி அக்பரிடம்தான் முதலில் விசாரித்தார்கள். புத்தகத்தை வாங்கி நாலு பக்கம் புரட்டியவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கடை ஷட்டரை இறக்கினார்.

“வாங்கம்மா, நானே காட்டுறேன்.”

பாக்குத் தோப்பு, வயல், ஓடை மேலே மரப்பாலம் என்று நாவலில் வந்த இடத்தையெல்லாம் காட்டினார். அவள் வாசிக்க ஆரம்பித்த வரியை, பார்க்காமலே அவர் முடித்தார்.

“டூரிஸ்ட்டுக்காக மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கான்” என்றார் பன்னீர்செல்வம். பிறகு சத்தமாகவே கேட்டார்.

“பாய், விடியக்காலம் கப்பல் சங்கு கேட்டு எழுந்ததா மாமனார் எழுதியிருக்காரே? துறைமுகம் எங்கேயோ இருக்கு. இங்க எப்படிக் கேட்கும்?”

அலி அக்பர் தடுமாறினார். “அப்ப இவ்வளவு வண்டிச் சத்தம் இல்ல சார். கேட்டிருக்கும்.”

பன்னீர்செல்வம் சிரித்தார். மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

“பாய், நான் யாருக்கும் நிரூபிக்கப் போறதில்ல. எனக்கு மட்டும் சொல்லுங்க. எங்கப்பா இங்க இருந்தாரா?”

“இருந்தாரும்மா. எங்க வாப்பாவுக்குக் கூட்டாளி. நான் அப்ப சின்னப் பிள்ள. இந்தப் பாலத்துல உக்காந்துதான் எழுதுவார்.”

அவள் அந்த மரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்தபோது முகம் தெளிந்திருந்தது.

அவர்கள் போன பிறகு, விஷயத்தைக் கேட்ட அலி அக்பரின் மனைவி அல்மாஸ் கொதித்துப்போனாள்.

“அவரா? கடல்னாலே பயம், கப்பல் ஏறவே மாட்டேன்னு உங்க வாப்பாவுக்கு எழுதிக்கிட்டே இருந்தாரே, அந்தக் கூட்டாளியா இங்க இருந்தார்னு சொன்னீங்க?”

“அவரேதான்.”

“அப்ப புத்தகத்துல இருக்கிறது?”

“எல்லாம் மெயின்லேண்டுல இருந்த அவருக்கு வாப்பா போட்ட கடுதாசி. எழுதி வெச்சிட்டு, கப்பல் வர்ற வரைக்கும் தினம் எங்களுக்குப் படிச்சுக் காட்டுவார். எத்தன தடவ கேட்டிருப்பேன்! அந்தக் கப்பல் சங்கைத் தவிர ஒரு வரி மாறல.”

“வாப்பா பேராவது போட்டிருக்கா?”

“இல்ல.”

“அல்லாவே! அந்தம்மா அவ்வளவு கேட்டும் நீங்க உண்மையச் சொல்லலியா?”

அலி அக்பர் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எங்க வாப்பாவுக்கு நான் இருக்கேன் அல்மாஸ். அவங்க அப்பாவுக்குச் சாட்சி சொல்ல வேற யாரு இருக்கா?”