முன்சக்கரம் கண்ட பள்ளத்தாக்கு

மலைச்சைக்கிளின் முன்சக்கரத்துக்கு எப்போதும் ஒரே பயம்: பின்சக்கரம் தன்னைத் துரத்துகிறது, ஒருநாள் முந்திவிடும். அதனால் சோலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் அக்கம்பக்கம் பார்க்காமலே ஓடியது.

ஒரு திருப்பத்தில் பாதை சரிந்திருந்தது. முன்சக்கரம் வெறும் காற்றில் சுழன்றது. கீழே, பாறைச்சுவர்களுக்கு நடுவே மேகம் மேய்ந்துகொண்டிருந்தது. அதற்கும் அடியில், நூலாக ஓர் ஆறு.

ஆனால் அது விழவில்லை. பின்சக்கரம் மண்ணைக் கவ்விக்கொண்டு, மெல்ல மெல்ல அதைப் பின்னுக்கு இழுத்தது.

“நீ என்னை முந்தத்தானே வந்தாய்?”

“போடா பைத்தியக்காரா! ஒரே வண்டியில் இருந்துகொண்டு எப்படியடா முந்துவது? இத்தனை மலை ஏறியும் உன் முதுகைத் தவிர நான் எதைக் கண்டேன்? சொல்லு, அங்கே என்ன தெரிந்தது?”

“மேகம் மேய்ந்துகொண்டிருந்தது,” என்று சொல்லத் தொடங்கியது முன்சக்கரம். “அதற்கும் அடியில்...”