இன்னொரு சர்வர்

“மறுபடியும் போச்சு! ஒரு ரிப்போர்ட்டும் பிரிண்ட் ஆகலை!” கவுண்ட்டரில் இருக்கும் பெண் கத்தினாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முதலாளி தன் மகனை முறைத்தார். அந்தப் பார்வைக்கு ஊசியே தேவையில்லை, ரத்தம் தானாக வந்துவிடும்.

“அப்பா, நான்...”

“இங்கே நான் அப்பா இல்லை. சார்!”

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், சார்.”

“மூணு நாளா இதையேதான் சொல்றே. வெளியே எட்டிப் பாரு. வந்தவங்க என்னைப் பச்சையா கடிச்சுத் தின்னுடுவாங்க போலிருக்கு. மத்தியானத்துக்குள்ள சரி பண்ணலைன்னா, சர்வர் ரூம் சாவியைக் கொடுத்துட்டு நீ போய் டோக்கன் கிழிச்சுக் கொடு!”

படிப்பு ஏறாத பிள்ளை என்று பெயர் எடுத்தவன் மகன். அந்தச் சின்ன அறைக்குள் மட்டும்தான் தானும் ஓர் ஆள் என்று அவனுக்குத் தோன்றும். கட்டடத்தில் ஓடும் ஒவ்வொரு வயரும் அவன் கையால் இழுத்தது. அதையும் பிடுங்கிக்கொண்டால் அவனிடம் மிச்சம் ஒன்றுமில்லை.

சத்தம் கேட்டு மாப்பிள்ளையும் அவசரமாக வந்தார். அக்காவின் கணவர். பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர் உத்தியோகம். மனைவி, குழந்தையோடு மாமனார் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் குழந்தையின் ரகளை தாங்கவில்லையாம், தினமும் இங்கே வந்து, தாழ்வாரத்து அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறார்.

“என்ன மச்சான் பிரச்சினை?”

“நம்பர்தான் அத்தான். நம்ம சர்வர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தானா ஒரு நம்பர் ஒதுக்கும். அது சரியா இருந்தாதான் ஒண்ணோட ஒண்ணு பேசும். இப்போ பாதிக் கம்ப்யூட்டர்ல சம்பந்தமே இல்லாத நம்பர் வந்து உட்கார்ந்திருக்கு.”

“அப்போ சர்வர் செத்துப்போச்சா?” என்றார் முதலாளி.

“இல்லை சார், அது ஒழுங்காத்தான் கொடுக்குது. ஆனா இன்னொண்ணும் சேர்ந்து கொடுக்குது. ஒரே ஹாஸ்டல்ல ரெண்டு வார்டன் மாதிரி. ஒருத்தர் ரூம் கொடுக்கிறார். இன்னொருத்தர் இல்லாத ரூமுக்குச் சாவி கொடுக்கிறார்.”

“யாருடா அந்த ரெண்டாவது வார்டன்?” என்றவர் கவுண்ட்டர் பக்கம் திரும்பினார். “ஏம்மா, வீட்டிலேருந்து வைஃபை பெட்டி ஏதாவது கொண்டுவந்து சொருகினியா?”

“ஐயையோ! நான் போன் சார்ஜரைக்கூட இங்கே சொருகறதில்லை சார்!”

“சர்வரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

“பண்ணியாச்சு அத்தான். அலுத்தும் போச்சு.”

மாப்பிள்ளையின் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முதலாளி அறைக்கும் கவுண்ட்டருக்குமாக நடந்தார். யாரோ ஒரு பெண் அவரை வழிமறித்து, “எங்கப்பாவுக்கு ஆபரேஷன். ரிப்போர்ட் இல்லாம டாக்டர் தொட மாட்டேங்கிறார்” என்று அழுதுவிட்டாள். அவளை உட்கார வைத்துவிட்டு மறுபடியும் நடந்தார்.

மகன் வயர்கள் வந்து சேரும் பெட்டியின் முன் குந்தினான். தப்பு நம்பர் எந்த வயர் வழியாக வருகிறது என்று பார்த்தான். பிறகு எழுந்து, சுவரோடு போன அந்த வயரை விரலால் தடவிக்கொண்டே நடந்து, தாழ்வாரத்தில் திரும்பினான்.

கொஞ்ச நேரம் ஆளையே காணோம். திரும்பி வந்தவன் ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ப் புது நம்பர் வாங்க வைத்தான்.

பிரிண்டர் கடகடவென்று காகிதம் துப்பியது. முதல் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, அப்பாவுக்கு ஆபரேஷன் என்று அழுத பெண் ஓடினாள்.

“கண்டுபிடிச்சியா? எவன் வேலை?” முதலாளி விடுவதாக இல்லை. அதற்குள் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

மகன் இருவரையும் பார்த்தான். “நான்தான் சார். பழகிப் பார்க்கலாம்னு ஒரு பழைய கம்ப்யூட்டர்ல இன்னொரு சர்வரை ஓடவிட்டிருந்தேன். நிறுத்த மறந்துட்டேன்.”

“வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு! எடுடா சாவியை!”

மகன் சாவியைக் கொடுத்தான்.

“எனக்கு இவ்வளவுதான் தெரியும் சார். அத்தான் மாதிரி ஒருத்தர் இங்கேயே இருந்தா நல்லது.”

“நானும் கல்யாணமான நாளா கூப்பிடறேன். பெரிய கம்பெனியை விட்டுட்டு வர முடியுமா மாமான்னு சிரிப்பார்.” வழக்கம்போல நம்பிக்கையில்லாமல்தான் கேட்டார். “இப்பவாவது வாங்களேன் மாப்பிள்ளை?”

மாப்பிள்ளை மச்சானைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“சரி மாமா. நீங்க இவ்வளவு தூரம் சொல்றப்போ...”

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. சாவியை மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு, மகளுக்கு போன் போட வாசலுக்கு ஓடினார்.

மகன் கவுண்ட்டரில் உட்கார்ந்து டோக்கன் கட்டைப் பிரித்தான். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றார்.

“மச்சான், நீ எதுக்கு...”

“உங்க லேப்டாப்ல ஓடிக்கிட்டிருந்த அந்தப் பழகுற சர்வரை நிறுத்திட்டேன் அத்தான்” என்றான் மகன், குரலைத் தாழ்த்தி. “பக்கத்துல திறந்திருந்த இன்டர்வியூ கேள்விகளையும் மூடிட்டேன். உங்களுக்கு வேலை போனது அக்காவுக்கு இன்னும் தெரியாதுல்ல?”